வந்தவர் பட்டியல், வராதவர் பட்டியல்: ஒக்கிப் புயல் செய்தியான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2017 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த எந்தச் செய்தியாளருக்கும் இரண்டு பட்டியல்கள் தேவைப்பட்டன. மாவட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்பது ஒன்று. கடலுக்குப் போனவர்களில் யார் யார் இன்னும் வரவில்லை என்பது இன்னொன்று. முதல் பட்டியலைச் செய்தி அறைகள் நேரம், இடம், உடன் வருவோர் விவரத்தோடு ஒழுங்காக வைத்திருந்தன. இரண்டாவது பட்டியல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கடற்கரை ஊர்களின் பங்குக் கோயில்களில், அதாவது அந்தந்த ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அரசும் ஊடகமும் பின்னால் வந்து அதைத்தான் கேட்டு வாங்கின. ஏன் இப்படி ஆனது, எந்தக் கட்டத்தில் என்ன தவறியது, அடுத்த முறை எதை மாற்றிச் செய்தால் தவறாது என்பதே இந்த ஆய்வு.

பெயரிலிருந்து தொடங்கலாம். ‘ஒக்கி’ என்பது வங்கதேசம் கொடுத்த பெயர். வங்க மொழியில் கண் என்று பொருள். தமிழில் ‘ஒகி’, ‘ஓகி’, ‘ஒக்கி’ என மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. பழைய செய்திகளைத் தேடுபவர் மூன்றையும் போட்டுத் தேட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பெரும்பகுதி கிடைக்காது. பின்னாளில் யாராவது கணக்கெடுக்கும்போது இந்தச் சின்ன விஷயம் பெரிய ஓட்டையாகிவிடும்.

நடந்தது

நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 30ஆம் தேதி அதிகாலையில் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, அன்று முற்பகலிலேயே குமரிக் கடலில் புயலானது. வங்கக் கடலில் உருவாகும் புயல்களுக்கு வழக்கமாக இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைக்கும். இங்கே ஏறத்தாழ ஒரு நாள்தான் கிடைத்தது. புயல் கரையேறாமல் மாவட்டத்தின் தெற்கே கடந்து, லட்சத்தீவுப் பக்கம் போய் மேலும் வலுத்து, வடக்கே திரும்பி, வலுவிழந்து டிசம்பர் 5 இரவு தெற்கு குஜராத்தில் சூரத் அருகே முடிந்தது.

நிலத்தில் ரப்பரும் வாழையும் முறிந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது, படம் எடுக்க முடிந்தது. கடலில் நடந்ததைப் படம் எடுக்க முடியவில்லை. செய்தியின் முதல் கோணல் இங்கேயே விழுந்துவிட்டது: முறிந்த மரத்தின் படம் இருந்ததால் அது மரம் முறிந்த புயலாகவே முதல் இரண்டு நாள் திரையில் ஓடியது.

எச்சரிக்கையை வாசித்த விதம்

‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வரி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் டிக்கரில் ஓடும் வரி. எங்கள் பார்வையில் இந்தச் சிக்கலின் வேர் இந்த வரியில் இருக்கிறது. மாலையில் வள்ளத்தில் போய் மறுநாள் காலையில் திரும்புகிறவருக்கு இந்த வரி உதவும். தங்கு கடல் மீனவருக்கு இது எந்த விதத்திலும் உதவாது. தூத்தூர் வட்டாரத்தின் விசைப்படகுகள் பத்து நாள், இருபது நாள், ஒரு மாதம்கூடக் கடலில் தங்கும். கொச்சித் தோப்பும்படி, முனம்பம், கோழிக்கோடு பேப்பூர், கொல்லம் நீண்டகரை போன்ற துறைமுகங்களிலிருந்து கிளம்பி லட்சத்தீவு, கோவா, குஜராத் கடல்வரை போவார்கள். நவம்பர் 29இல் அவர்களிடம் ‘செல்ல வேண்டாம்’ என்று சொல்ல வழியே இல்லை, அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். படகில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் பொதுவாக 20 கடல் மைல் சுற்றளவுக்குத்தான் எட்டும். அதாவது 37 கிலோமீட்டர்.

ஆகவே 29ஆம் தேதி மாலை செய்தி அறை கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ‘இப்போது எத்தனை படகுகள் வெளியே இருக்கின்றன? எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்தத் தேதியில் போனவை?’ இதற்கு மீன்வளத் துறையிடம் உடனடி விடை இருந்திருக்காது. விடை இல்லை என்பதே அன்றைய தலைப்புச் செய்தியாக ஆகியிருக்கலாம். அதற்குப் பதில் ‘குமரியில் கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற பழகிய அச்சில்தான் செய்தி வார்க்கப்பட்டது. மழைச் செய்தியைப் பள்ளி விடுமுறைச் செய்தியாகவே பார்ப்பது நகரத்துப் பழக்கம்.

புயல் கடந்த பிறகு, யார் எப்போது எச்சரித்தார்கள் என்ற சண்டை வந்தது. புயல் என்ற அறிவிப்பு 30ஆம் தேதி நண்பகலில்தான் கிடைத்தது என்று கேரள அரசு சொன்னது. 29ஆம் தேதியே மீனவர் எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்பது வானிலைத் துறையின் பதில். இரண்டு தரப்பும் பேசியது இரண்டு வேறு ஆவணங்களைப் பற்றி. மீனவர் எச்சரிக்கை வேறு, புயல் எச்சரிக்கை வேறு. இதைப் பிரித்துச் சொல்லாமல் இரு தரப்பு அறிக்கைகளை எதிரெதிரே வைத்து விவாதம் நடத்தினால் பார்க்கிறவருக்குக் கட்சிச் சண்டை மட்டுமே தெரியும்.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. வானிலைத் துறையின் ஒவ்வொரு அறிக்கையிலும் இரண்டு நேரங்கள் இருக்கும்: எந்த நேரத்துக் கணிப்பின் அடிப்படையில் எழுதப்பட்டது என்பது ஒன்று, எந்த நேரத்தில் வெளியிடப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 0300 என்றால் அதிகாலை மூன்று மணி என்று வாசித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், அது காலை 8.30. அறிக்கைகள் வரவர அவற்றைப் பதிவிறக்கி வெளியீட்டு நேரத்தைக் கோப்புப் பெயரிலேயே போட்டு வைத்தால், ஒரு வாரம் கழித்து அமைச்சர் என்ன சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

எண்ணிக்கை எங்கே உடைந்தது

டிசம்பர் முதல் வாரத்தில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. ஒரே நாளில் இரண்டு மாநில அரசுகள், பங்குகள், மீனவர் சங்கங்கள் நான்கு விதமாகச் சொன்னார்கள். ‘முரண்பட்ட தகவல்’ என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். ஏன் முரண்பட்டது என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்திருந்தால் அதுவே அந்த மாதத்தின் மிக முக்கியமான செய்தியாகியிருக்கும்.

முதல் காரணம், படகின் ஊரும் ஆளின் ஊரும் ஒன்றில்லை என்பது. டிசம்பர் 2ஆம் தேதி மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ், தங்கள் கரைக்கு 68 படகுகள் 952 மீனவர்களோடு பத்திரமாக வந்து சேர்ந்ததாகத் தெரிவித்தார். அவற்றில் 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள். இதை அப்படியே மொழிபெயர்த்தால், தமிழ்நாட்டிலிருந்து இரண்டே படகு ஆட்கள்தான் பிழைத்தார்கள் என்றாகிவிடும். தூத்தூர்க்காரர்கள் ஓட்டும் படகுகளில் கேரளப் பதிவு எண் கொண்டவை ஏராளம். பதிவு எண்ணை வைத்து ஆட்களின் ஊரைச் சொல்ல முடியாது. அதே எண்ணிக்கையை வைத்து ஒரு நல்ல சரிபார்ப்பும் செய்யலாம்: 952ஐ 68ஆல் வகுத்தால் சரியாக 14. ஆழ்கடல் விசைப்படகு ஒன்றில் 10 முதல் 15 பேர் போவது வழக்கம் என்பதால் எண் நம்பத்தக்கது. நாளை யாராவது ‘20 படகுகள், 600 பேர்’ என்று சொன்னால் உடனே திருப்பிக் கேட்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது காரணம், எல்லை. 1956 நவம்பர் 1 முதல் தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டம் என்ற கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவை. அப்போதைய பேராயர் சூசை பாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். எனவே வள்ளவிளையைச் சேர்ந்த ஒருவர் கேரளப் பதிவுப் படகில் போய்க் காணாமல் போனால், அவர் பெயர் மூன்று இடங்களில் ஏறும்: வீட்டு முகவரியை வைத்துத் தமிழ்நாட்டுப் பட்டியலில், படகை வைத்துக் கேரளப் பட்டியலில், பங்கை வைத்து மறைமாவட்டப் பட்டியலில். மூன்றையும் கூட்டினால் எண்ணிக்கை ஊதும். ஒன்றை மட்டும் எடுத்தால் சுருங்கும். வட மாநிலத்திலிருந்து வந்து இந்தப் படகுகளில் வேலை செய்தவர் மூன்றிலும் விடுபடுவார். அவருக்கு இங்கே பங்கும் கிடையாது, தேடி வந்து நிற்க வீட்டாரும் கிடையாது. எல்லா எண்ணிக்கைகளிலும் மிகவும் குறைவாக எண்ணப்பட்டவர் அவர்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாவது, பெயர். கடற்கரை ஊர்களில் புனிதர் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அந்தோணி, ஆன்றணி, ஆன்டனி மூவரும் ஒருவராக இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். யேசுதாசன் என்று தமிழில் எழுதியவர், மலையாளப் பட்டியல் வழியே ஆங்கிலத்துக்குப் போய் ஜேசுதாசனாகத் திரும்பி வருவார். திருமுழுக்குப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதார் அட்டையில் வேறொன்று. தந்தை பெயர், ஊர், படகுப் பெயர் மூன்றும் சேராமல் ஒரு பெயரை மட்டும் வைத்து எவரையும் எண்ணக் கூடாது.

நான்காவதுதான் செய்தி அறையின் சொந்தத் தவறு. ‘காணவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு நிலைகளை அடைத்தார்கள். இறந்தது உறுதியானவர், உடன் போனவர்கள் கண்முன்னே கடலில் மூழ்கியவர், தொடர்பு கிடைக்காதவர், வேறொரு கரையில் சேர்ந்தும் வீட்டுக்குச் சொல்ல முடியாதவர். இவர்கள் நால்வரும் வேறு வேறு. இதே போல ‘மீட்கப்பட்டவர்’ என்ற சொல்லும் குழம்பியது. தானாகப் படகோட்டி மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலோ குஜராத்தின் வெராவலிலோ கரை சேர்ந்தவரையும், கடற்படையோ கடலோரக் காவல் படையோ தண்ணீரிலிருந்து தூக்கியவரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து ‘மீட்பு’ என்று எழுதினால் மீட்புப் பணியின் அளவு பொய்யாகப் பெருகிவிடும். குடும்பங்களின் கோபத்துக்கு இது பெரிய காரணம். தங்கள் ஆள் தானே நீந்தியும் படகோட்டியும் உயிர் தப்பியதை இன்னொருவர் கணக்கில் எழுதுவதை யாரும் பொறுக்க மாட்டார்கள்.

பங்குக் கோயில்களால் மட்டும் ஏன் எண்ண முடிந்தது? அன்பியங்கள் இருக்கின்றன. சில பத்து வீடுகளுக்கு ஒரு குழு, அதற்கு ஒரு பொறுப்பாளர். எந்த வீட்டு ஆள் எந்தப் படகில், எந்தத் துறைமுகத்திலிருந்து போனார் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். அரசிடம் இந்த நரம்பு இல்லை, செய்தியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும், சென்னையில் இருக்கும் அசைன்மெண்ட் டெஸ்க்கிடம் சுத்தமாக இல்லை. ஆனால் பட்டியலை வாங்கி, பிற பட்டியல்களோடு ஒப்பிட்டு, இரட்டிப்பை நீக்கி, தினமும் வெளியிடும் வசதி செய்தி நிறுவனத்திடம்தான் இருந்தது. அந்த வேலைக்கு இரண்டு பேர், ஒரு கணினி, ஒரு வாரம் போதும்.

குழித்துறை, டிசம்பர் 7

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கடற்கரை ஊர்களிலிருந்து நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதை நின்றது. இரவுவரை எழுந்திருக்கவில்லை. தேடுதலைத் தீவிரமாக்க வேண்டும், முதல்வர் வர வேண்டும், நிவாரணத்தை உயர்த்த வேண்டும் என்பவை கோரிக்கைகள். ரயிலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தால் ஊடகத்தின் பங்கு தெரியும். ஒரு வாரமாகக் கடற்கரையில் அழுததைக் காட்டாத கேமரா, ரயில் நின்றால் வரும். ஊருக்குள் நடந்தது மாவட்டச் செய்தி, ரயில் நின்றது மாநிலச் செய்தி.

இந்த ‘மாவட்டச் செய்தி’ என்ற பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பதிப்பு வைத்திருக்கும் நாளிதழ்களில் புயல் செய்தி பக்கம் பக்கமாக வந்தது. உள்ளூர்ச் செய்தியாளர்கள் மின்சாரம் இல்லாமல், தொலைபேசி கோபுரம் இயங்காமல், விழுந்த மரங்களைத் தாண்டிப் போய் எழுதினார்கள். அவர்கள் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாவட்டப் பக்கத்தை அந்த மாவட்டம்தான் வாசிக்கும். குமரியில் அச்சாகும் பக்கம் சென்னையில் அச்சாகாது. பாதிக்கப்பட்டவர்களுக்கே அவர்கள் துயரத்தைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் ஊருக்குச் சொல்லாமல் விடும் ஏற்பாடு அது. மாவட்டத்தின் மேற்குப் பகுதி மக்கள் மலையாளத் தொலைக்காட்சிகளைப் பார்த்ததில் வியப்பில்லை. கேரளக் கடற்கரையின் பூந்துறையும் விழிஞ்ஞமும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்கள், அங்கே கேமராக்கள் நின்றன.

‘எங்களைக் கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள்’ என்ற ஆத்திரக் குரலும் அந்த நாட்களில் எழுந்தது. மீனவர்களின் எல்லாப் பேச்சிலும் விவாத மேசைக்கு மிக எளிதில் ஏறக்கூடியது இந்த ஒரு வரிதான். அதில் இன உணர்வு, எல்லைப் போராட்ட வரலாறு எல்லாம் இருக்கின்றன. மார்ஷல் நேசமணி முதலானோர் போராடி இணைத்த மாவட்டம் இது. அந்த இணைப்புக்குக் குரல் கொடுக்கவே 1951இல் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ் நாளிதழ் தொடங்கப்பட்ட வரலாறும் உண்டு. இவ்வளவு கனமான பின்னணி கொண்ட வரியைக் கையிலெடுத்தால் தேடுதல் பணி பற்றிய கேள்வி காணாமல் போய்விடும். கோபத்தில் சொன்ன சொல்லைக் கொள்கையாக்கி விவாதிப்பது, சொன்னவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த மாதத்து நாட்காட்டி

டிசம்பர் 4: ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு நடிகர் விஷால் வேட்பு மனு. அதே நாட்களில் பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் குமரியிலும் திருவனந்தபுரத்திலும். டிசம்பர் 5: ஜெயலலிதாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள்; விஷால் மனு நிராகரிப்பு, ஏற்பு என்ற பேச்சு, மீண்டும் நிராகரிப்பு என இரவுவரை நேரலை. டிசம்பர் 11: விராட் கோலி–அனுஷ்கா சர்மா திருமணம். டிசம்பர் 12: முதல்வர் எடப்பாடி பழனிசாமி குமரி வருகை, இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவிப்பு, அன்றுதான் ரஜினிகாந்த் பிறந்த நாள். 14: ராகுல் காந்தி சின்னத்துறையில். 18: குஜராத் தேர்தல் முடிவு. 19: பிரதமர் மோடி லட்சத்தீவு, கன்னியாகுமரி, திருவனந்தபுரம். 20: ஜெயலலிதா மருத்துவமனைக் காணொளி வெளியீடு. 21: ஆர்.கே. நகர் வாக்குப்பதிவு, அன்றே 2ஜி தீர்ப்பு. 24: டி.டி.வி. தினகரன் வெற்றி. 26: ரஜினிகாந்த் ரசிகர் சந்திப்பு தொடக்கம். 31: ‘அரசியலுக்கு வருவது உறுதி’ அறிவிப்பு.

இவற்றில் பல, முறையான பெரிய செய்திகள். ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாக ரத்தான தேர்தல் மீண்டும் நடக்கும்போது அதைக் காட்டாமல் இருக்க முடியாது. எங்கள் குறை வேறு இடத்தில். அந்த நாட்காட்டியில் குமரி எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: 4, 12, 14, 19. நான்கும் வருகை நாட்கள். வருகை இல்லாத நாளில் மாவட்டம் இருந்ததாகவே தெரியவில்லை. விதிவிலக்கு 7ஆம் தேதி மட்டும். அதற்காக அவர்கள் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது.

நடிகரை நடத்தும் விதத்தில் தலைவரையும், தலைவரை நடத்தும் விதத்தில் நடிகரையும் நடத்துவது தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியின் பழைய வழக்கம். வண்டியிலிருந்து இறங்குவது, கும்பிடுவது, கூட்டத்துக்குள் நடப்பது, ஒரு மூதாட்டியின் கையைப் பிடிப்பது. படம்பிடிக்கும் முறை இரண்டு பேருக்கும் ஒன்றே. நிர்மலா சீதாராமன் கொதித்துப் போயிருந்த மீனவர்களிடம் கைகூப்பித் தமிழில் பேசியது பெரிதாகப் பரவியது. அந்தப் பேச்சு அவர்களைச் சமாதானப்படுத்தியது உண்மை, அதைப் பதிவு செய்ததும் சரி. ஆனால் அந்தப் பேச்சில் என்ன உறுதி கொடுத்தார், எத்தனை கப்பல், எத்தனை விமானம், எந்தக் கடல் மைல்வரை, எத்தனை நாள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துக் கேட்பதுதான் செய்தியாளர் வேலை. பாணியைப் பாராட்டிய திரையில் பட்டியல் வரவில்லை.

பிரதமர் வருகையிலும் இதே கோளாறு. கன்னியாகுமரி நகரில் அரசு விருந்தினர் மாளிகையில் சந்திப்பு. தூத்தூர் வட்டாரம் மாவட்டத்தின் மறுகோடியில், கேரள எல்லையில். இரண்டும் ஒரே மாவட்டம் என்பதால் ‘குமரியில் பிரதமர்’ என்ற தலைப்பு தவறில்லைதான். ஒரு சின்ன வரைபடம் போட்டுத் தூரத்தைக் காட்டியிருந்தால் வாசகர் தாமே புரிந்துகொள்வார். கருத்து எதுவும் சேர்க்க வேண்டிய அவசியமே வராது.

மின்சாரம் இல்லாத ஊரின் பார்வையாளர் கணக்கு

தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கு, நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய மீட்டர்களிலிருந்து வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை வரும். மின்சாரம் போன வீட்டில் தொலைக்காட்சியும் ஓடாது, மீட்டரில் பதிவும் விழாது. குமரி இருண்டிருந்த வாரத்தில் குமரியின் விருப்பம் அந்தக் கணக்கில் ஏறியிருக்க வழியில்லை. சென்னை, கோவை, மதுரை வீடுகள் பார்த்ததுதான் ஏறும். ‘மக்கள் பார்க்கிறார்கள், அதனால் காட்டுகிறோம்’ என்ற வாதம் பேரிடர்க் காலத்தில் உடைவது இதனால்தான். யாருக்குச் செய்தி மிகவும் தேவையோ அவர்கள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். பேரிடர் நடந்த இரண்டு வாரங்களுக்கு அந்த எண்களை ஆசிரியர் கூட்டத்தின் மேசையிலேயே வைக்கக் கூடாது என்பது எங்கள் பரிந்துரை.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கப்பட்டது நாகர்கோவிலில்தான் என்பதை இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது. பேட்டரி வானொலிக்கு மின்கம்பம் வேண்டாம். ஒவ்வொரு மாலையும் குறிப்பிட்ட நேரத்தில், கரை சேர்ந்த படகுகளின் பெயரையும் சேர்ந்த இடத்தையும் வாசிக்கும் பத்து நிமிட நிகழ்ச்சி, அந்த வாரத்தில் எந்த நேரலையைவிடவும் பயன்பட்டிருக்கும். செய்தி நிறுவனங்கள் சேகரித்ததை வானொலிக்குக் கொடுப்பதில் போட்டி மனப்பான்மைக்கு இடமில்லை.

ஸ்ட்ரிங்கர், பைட், விவாத மேசை

மாவட்டத்துக்கு ஒருவர் என்று வைத்திருக்கும் ஸ்ட்ரிங்கருக்குப் பெரும்பாலும் ஒளிபரப்பான செய்திக்கு மட்டுமே பணம். நாகர்கோவிலிலிருந்து நீரோடிக்குப் போய், அரை நாள் செலவழித்து, முப்பது குடும்பங்களிடம் விவரம் வாங்கினால் அது ஒரு செய்தியாகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அமைச்சர் வருகையை எடுத்தால் நிச்சயம் ஓடும். பெட்ரோல் தன் பணத்தில் போடுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேரிடர்க் காலத்தில் நாள் கூலியும் பயணச் செலவும் முன்பணமாகக் கொடுத்தால் இந்தக் கோணல் பாதி நிமிரும்.

அடுத்தது பைட், அதாவது திரையில் காட்டும் சிறு பேச்சுத் துண்டு. கடற்கரைத் தமிழ் வேகமானது. கடல் சார்ந்த சொற்களும் மலையாளச் சாயலும் கலந்தது. எடிட் மேசையில் இருப்பவருக்குப் புரியாவிட்டால் நீளமாகச் சொன்ன விவரத்தை வெட்டிவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொள்வார். அழுகைக்கு மொழி தேவையில்லையே. விளைவு, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று துல்லியமாகச் சொன்ன கடலோடி, திரையில் அழுகிற ஒருவராக மட்டும் நிற்கிறார். இதற்குத் தீர்வு மிக எளிது. அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு எழுத்து வடிவம் எடுத்து, திரையின் கீழே தமிழிலேயே போட வேண்டும். தமிழுக்குத் தமிழில் எழுத்து போடுவதில் எந்த இழிவும் கிடையாது.

இரவு எட்டு மணி விவாதத்துக்கு நான்கு கட்சிப் பேச்சாளர்கள், ஒரு ‘அரசியல் விமர்சகர்’ என்ற அமைப்பு மாறாதது. இந்த அமைப்பில் புயல் என்ற பொருளும் கட்சிப் பொருளாகத்தான் வெளிவரும். முன்னாள் கடலோரக் காவல் அதிகாரி, ஆழ்கடல் படகு ஓட்டி, வானிலை அறிஞர், துறைமுக அலுவலர் என்று நால்வரை உட்கார வைத்தால் பேச்சு தானாகவே வயர்லெஸ் எட்டும் தூரம், தேடும் பரப்பு, காற்றின் திசை என்று போகும். குரல் உயராது. குரல் உயராத விவாதத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற அச்சத்தை ஒரு வாரமாவது சோதித்துப் பார்த்திருக்கலாம்.

பதிவேடு

அடுத்த முறைக்கு ஒரு பதிவேட்டை முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர் (வீட்டில் எழுதும் விதத்தில்), கூப்பிடும் பெயர், தந்தை பெயர், ஊரும் பங்கும் அல்லது சொந்த மாநிலம், படகுப் பெயரும் பதிவு எண்ணும், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய தேதி, கடைசியாகப் பேசிய நேரம், இப்போதைய நிலை, அந்த நிலையைச் சொன்னவர் யார், எப்போது. கடைசி இரண்டும் இல்லாத வரியை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. வீட்டாரிடம் கேட்கும்போது ‘என்ன ஆச்சு’ என்று தொடங்கினால் அவர்களை உடைத்துவிடும். ‘அம்மா, எந்தப் போட்டுல போனாங்க? எந்த ஹார்பர்ல இருந்து? கூடப் போனது யாரு?’ என்று கேட்டால் அவர்களே தெளிவாகச் சொல்வார்கள். உதவ ஒருவர் வந்திருக்கிறார் என்ற எண்ணமும் வரும். கூடப் போனவர் பெயரைக் கேட்பது முக்கியம். ஒரு படகின் 14 பேரில் ஒருவர் நிலை தெரிந்தால் மற்ற 13 வரிகளும் நகரும்.

வட மாநிலத் தொழிலாளர்களுக்குப் படகு உரிமையாளரிடமும், துறைமுகத்தில் ஐஸ், டீசல் கடன் கணக்கு வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு அரிசி ஏறியது என்பது அவர்கள் கணக்கில் இருக்கும்.

வெளியிடும்போது ஒரே எண் போடக் கூடாது. நான்கு நிலைகளையும் தனித்தனியாகப் போட்டு, நேற்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். குடும்பத்துக்குத் தெரியும் முன் இறந்தவர் பெயரை வெளியிடக் கூடாது. பிழை வந்தால் அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம்.

காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருத, அப்போது நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதைத் தளர்த்தினால்தான் நிவாரணமும் இறப்புச் சான்றும் கிடைக்கும் என்ற நிலை. அழுகிக் கரையொதுங்கிய உடல்களை மரபணுச் சோதனையில்தான் அடையாளம் காண முடிந்தது. இந்தப் பகுதி, தலைவர்கள் எல்லோரும் வந்து போன பிறகு தொடங்கியது. ஆகவே பதிவேட்டோடு சேர்த்து ஒரு தொடர் நாட்காட்டியும் வேண்டும்: 30ஆம் நாள் எத்தனை வரிகள் இன்னும் ‘தொடர்பு இல்லை’ நிலையில் இருக்கின்றன, 90ஆம் நாள் எத்தனை குடும்பத்துக்குச் சான்றும் தொகையும் போய்ச் சேர்ந்தன, ஓராண்டில் எத்தனை சோதனை முடிவுகள் பாக்கி. இந்த மூன்று தேதிகளையும் பேரிடர் நடந்த முதல் வாரத்திலேயே அசைன்மெண்ட் டெஸ்க்கின் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தியாளர் பெயரைப் போட்டுவிட வேண்டும். அந்த நாளில் எந்த நடிகர் கட்சி தொடங்கினாலும், பலகையில் பெயர் உள்ளவர் நீரோடி பஸ்ஸில் ஏற வேண்டும்.